டேங்கடிக்கு வெள்ளையடித்தார்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால், "அப்பறம் எப்புடி வரவேற்கிறதாம்?" என்று நம்மையே மடக்குவார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஆரம்பித்த பழக்கம். துரைமார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சுண்ணாம்பு மட்டும் போகவில்லை. ரோட்டோரக் கல், கொடிக்கம்பத்தைச் சுற்றிய கல், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்துப் படிக்கல் என்று அசையாமல் இருக்கும் எதையும் விடுவதில்லை. போன வருடம் யாரோ மந்திரி வருகிறார் என்றபோது வழியில் படுத்திருந்த மாடு தப்பியதே பெரிய காரியம். மந்திரி வரவும் இல்லை.

இதெல்லாம் தெரிந்துதான் நான் படித்துப் படித்துச் சொன்னேன், ஒன்றுமே செய்யாதீர்கள் என்று.

என் பெயர் துஷாந்தினி. ஸ்பிரிங்வெளியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், பழைய டேங்க் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேக்கி வைத்த இடம். இப்போது பாதி சேறு, பாதி கோரைப்புல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். நாங்கள் டேங்கடி என்போம். மாடு இறங்கினால் மாட்டிக்கொள்ளும், பிள்ளைகள் போனால் அடி விழும். அதைத் தாண்டி அதற்கு ஒரு பெருமையும் இருந்ததில்லை.

பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றில்வான் சேர் ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து டேங்கடியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் ஒரு பறவை ஆர்வலர் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கம் தோட்ட நிர்வாகத்தோடு பேசி, டேங்கடியை ஈரநிலக் காப்பகமாக்கி, கம்பிவேலி போட்டு, பலகை நட்டது. காவலுக்கு என்னைப் போட்டது. காலையில் கேட்டைத் திறப்பேன். நாயை விரட்டுவேன். பார்க்க வருகிறவர்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று நானே சத்தம் போட்டுச் சொல்வேன்.

புரட்டாசி முடியும்போது வாலாட்டிக் குருவி வரும். ஐப்பசி மழை பிடித்ததும் ஆறுமணிக் குருவி வந்து தேயிலைக்குள் நின்று கத்தும். அதற்கும் பிறகு வருவது உள்ளான். நீளமான அலகு, காய்ந்த கோரையின் நிறம். காலுக்கடியில் படுத்திருந்தாலும் தெரியாது. மிதிக்கப் போகும்போதுதான் விருட்டென்று எழும்பி, வளைந்து வளைந்து பறக்கும். என் உயிர் போய்த் திரும்பும். பனி கொட்டும் தேசத்திலிருந்து கடலையும் மலையையும் தாண்டி வருகிறதாம். அவ்வளவு தூரம் வந்து இந்தச் சேற்றிலா படுக்க வேண்டும் என்று முதல் வருடம் சிரித்தேன். அடுத்த வருடம் அது வரப் பிந்தியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிரச்சினை என்னவென்றால், வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி பயிரிடும் ஒரு முதலாளி அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். சேறு லீக்ஸுக்கு நல்லதாம். காப்பகத்துக்கு உதவி செய்யும் கொழும்புக் குழுவோ, வெளிநாட்டுப் பறவைகள் உண்மையில் அங்கே வருகின்றனவா என்று தாங்களே கண்ணால் பார்த்தால்தான் தொடர்ந்து நடத்துவோம், இல்லாவிட்டால் நிர்வாகத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டது. நான் போனில் எடுத்து அனுப்பிய படங்கள் எடுபடவில்லை. எல்லாப் படத்திலும் கோரை இருந்தது. உள்ளான் எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது.

அவர்கள் பார்க்காமல் போனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கேட்டைப் பூட்டினால் நான் மறுபடி குவைத்துக்குப் போக வேண்டும். மகளின் அப்பா எங்களோடு இல்லை. அது தனிக்கதை, அதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. முன்பு நான் குவைத்தில் இருந்தபோது மகளை வளர்த்தது வீரய்யா மாமாவும் அவர் மனைவி இராக்கம்மா மாமியும். திரும்பி வந்த அன்று அவள் மாமியின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்து "வாங்க ஆன்ட்டி" என்றாள். சின்னப் பிள்ளை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் முகம் கழுவப் போகிறேன் என்று குழாயடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

வீரய்யா மாமா எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

"மாமா, ஞாயித்துக்கெழம கொழும்புலருந்து குழு வருது. டேங்கடிய உள்ளபடி பாக்கத்தான் வர்றாங்க. யாரும் ஒன்னும் செஞ்சுறாதீங்க."

"சரி, சரி" என்று சிரித்தார்.

"மாமா, நெசமாத்தான் சொல்றேன். ஒன்னுமே செய்யாதீங்க."

"அடியேய், நான் என்ன செய்யப் போறேன்? நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு."

அந்தச் சிரிப்பை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அலுமாரி மேலிருந்த குவைத் பையை இறக்கித் துடைத்தேன். நீல நிறம், உருட்டிப் போகச் சில்லு வைத்த பை. எதற்கும் தயாராக இருக்க வேண்டுமே என்றுதான். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் தண்ணீர் எடுக்கப் போனாலும் பின்னால் வந்தாள், விறகு எடுக்கப் போனாலும் வந்தாள். எரிச்சலில், "ஏன்டி வால் மாதிரி வர்ற?" என்று கேட்டுவிட்டேன். பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. தோட்டத்தில் வேலையில்லை. றில்வான் சேர் வீட்டிலிருந்து பெரிய தொலைநோக்கியை எடுத்து வரப் பதுளைக்குப் போனேன். திரும்பும்போது அடைமழை. வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நனைந்த கோழி மாதிரி நான் வந்து சேர்ந்தபோது லயத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "நாளைக்கு நல்லா நடக்கும் புள்ள" என்றார்கள். என்ன பாசமான சனம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் டேங்கடிக்கு இறங்கினேன்.

கோரை இல்லை. ஒரு தாள்கூட இல்லை. வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறுக் குச்சிகளை அடுக்குவது போல ஓரமாக அடுக்கியிருந்தார்கள். டேங்கைச் சுற்றியிருந்த ஒவ்வொரு கல்லும் பளீரென்று வெள்ளை. தண்ணீருக்கு நடுவே நீர்க்காகம் ஏறி உட்காரும் ஒற்றைக் கல்லையும் விடவில்லை. அதற்கு யார் நீந்திப் போனார்களோ! கேட்டில் இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே குருத்தோலைத் தோரணம். கோவில் ஒலிபெருக்கியை யூகலிப்டஸ் மரத்தில் கட்டியிருந்தார்கள், அதில் சாமிப் பாட்டு அலறியது. மரத்தடியில் சுண்ணாம்பு வாளிகளும், மட்டைகளும், சுண்ணாம்பு அப்பிய ஏதோ ஒரு பையும் கிடந்தன. கரையில் நாலைந்து பெண்கள் விளக்குமாற்றால் சேற்றைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றை!

வீரய்யா மாமா வெள்ளை வேட்டியில் நின்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"மாமா, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"எப்புடி? நேத்துப் பூரா லயமே எறங்கிச் செஞ்சுச்சு. மழையிலயும் விடல."

"ஒன்னும் செய்யாதீங்கன்னு சொன்னேனே மாமா!"

"நீ அப்புடித்தான் சொல்லுவ. வீட்டுக்கு வர்றவுங்களுந்தான் ஒன்னும் வேணாம்னு சொல்றாங்க. அதுக்காகத் தேத்தண்ணி ஊத்தாம அனுப்புறதா?"

"அந்தக் கோரைக்குள்ளதான் உள்ளான் இருந்துச்சு!"

"அதத்தான் நானும் சொல்றேன். கோரை மறச்சுக்கிட்டுல்ல இருந்துச்சு? கொழும்புலருந்து வர்றவுங்க எப்புடிப் பாப்பாங்க? அதான் வெட்டி விட்டோம். இப்ப நல்லாத் தெரியும்."

"தெரியிறதுக்கு அங்க ஒன்னு இருக்கணுமே மாமா!"

மாமா திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் ஒன்றும் இல்லை. சேற்றிலும் இல்லை. வானத்தில் ஒரு காகம் போனது.

"வரும், வரும். இவ்வளவு சுத்தமா வச்சிருக்கு, வராம எங்க போகும்?" என்றார்.

தலையில் அடித்துக்கொள்ள நேரமில்லை. வேன் வந்துவிட்டது. கதவு திறந்ததும் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் மூன்று பேர். குழுவுக்குத் தலைவி முஷ்ரிபா மேடம், கூட இரண்டு ஆண்கள். மூவருக்கும் மாலை விழுந்தது, பன்னீர் தெளித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இறங்கிய றில்வான் சேரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன தங்கச்சி இது?" என்றார் மெதுவாக. "புல்லெல்லாம் எங்க?"

நான் ஓரத்தில் அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். கட்டுகள் அங்கேயேதான் இருந்தன.

முஷ்ரிபா மேடம் கையிலிருந்த என் படங்களையும் டேங்கையும் மாறி மாறிப் பார்த்தார். கோபக்காரர் போலத் தெரியவில்லை. அதுதான் இன்னும் மோசம். கோபக்காரர் என்றால் கத்திவிட்டுப் போவார், இவர் ஒன்றுமே சொல்லாமல் தொலைநோக்கியில் குனிந்தார். அந்த நேரம் பார்த்து லயத்துக் கோழி ஒன்று வெள்ளைக் கல்லில் ஏறி நின்று சிறகை உதறியது. மேடம் நிமிர்ந்தார்.

"இது எங்கிருந்து வந்த பறவை?" என்று கேட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "மேல் லயத்துலருந்து மேடம்" என்றேன்.

பகல் முழுக்க அப்படியே போனது. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சினால் பாட்டு நின்றது, மாமாவின் பேச்சு ஆரம்பித்தது. பேச்சு முடிந்தால் பிள்ளைகளின் கும்மி. ஒரு வாலாட்டி வந்து உட்காரப் பார்த்தது. "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று லயமே கையைத் தட்டியது. வாலாட்டி போன திசைகூடத் தெரியவில்லை.

குழு கிளம்ப எழுந்தது. மாமா விடவில்லை.

"சாப்புடாமப் போனீங்கன்னா லயத்துக்கே கேவலங்க மேடம். கோழி கூட ஸ்பிரிங்வெளியில பாறூக் நானா கடையில ஹலாலா அறுத்து வாங்குனதுதான். ஒங்களுக்குன்னே தனிச் சட்டியில செஞ்சிருக்கு."

அதற்கு மேல் எந்த மனிதரால் மறுக்க முடியும்? பிள்ளை மடுவத்தில் உட்கார வைத்தார்கள். சோறு வேகவே பின்னேரமாகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போது மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் இறங்கினால் வேன் சறுக்கும் என்று டிரைவர் கையை விரித்தார். என் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படிக்குப் போனேன். மாமா சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றார். அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க மாமா. இனி கேட்டப் பூட்டிருவாங்க. நான் மறுபடி குவைத்துக்குப் போய் எவன் வீட்டுத் தரையவோ தொடைக்கணும். எம்புள்ள மறுபடி என்னய ஆன்ட்டின்னு கூப்புடும். சந்தோசமா ஒங்களுக்கு? கல்லெல்லாம் நல்லா வெள்ளையா இருக்கா?"

மாமா அகப்பையைச் சட்டியிலிருந்து எடுத்தார்.

"நீ போகக் கூடாதுன்னுதான்டி எல்லாரும் எறங்குனோம்" என்றார். "அந்தப் புள்ள ஒன்னய ஆன்ட்டின்னு கூப்புட்டப்ப ஒன் மொகத்தப் பாத்தவன் நான். பெரிய மனுசங்க மனசு நெறஞ்சு போனா ஒனக்கு வேல நெலைக்கும்னு நெனச்சோம். எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான புள்ள?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சை மட்டும் கேட்காத மனிதரை என்னதான் செய்வது? அகப்பையைப் பிடுங்கிச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மழை விட்டபோது மின்சாரம் போயிருந்தது. ஒலிபெருக்கி ஊமையானது. காலையிலிருந்து அப்போதுதான் என் காதில் தவளைச் சத்தம் விழுந்தது. பொழுது சாயும் நேரம். வேன் மேலே ரோட்டில் நின்றதால் டேங்கடியை ஒட்டித்தான் நடந்து போக வேண்டும். றில்வான் சேர் முன்னால் போனார்.

சேர் சட்டென்று நின்று கையைத் தூக்கினார்.

கோரை வெட்டின இடம் மழையில் ஊறி வெறும் சேறாகப் பளபளத்தது. அந்தச் சேற்றில் என்னவோ அசைந்தது. ஒன்றல்ல. பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வேறு சில. நீள அலகைத் தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றுக்குள் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டே நடந்தன. ஒன்று வெள்ளைக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றது. முதுகின் கோடு, கண்ணுக்கு மேலே பட்டை, வயிற்று வரி, எல்லாம் தெரிந்தது. இரண்டு வருடமாக நான் பார்த்ததெல்லாம் பறந்து போகும் முதுகைத்தான். உள்ளானின் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

முஷ்ரிபா மேடம் ஈரத்தில் அப்படியே குந்திவிட்டார். உடுப்பெல்லாம் சேறு. தொலைநோக்கிக்கு அவர் கை நீட்டினார், நான் கொடுத்தேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் என்னவோ கிலுகிலுத்தது. திரும்பிப் பார்த்தேன். வாழைமரத்தடியில் வீரய்யா மாமா. ஒரு கையில் தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய சரவெடி, மறுகையில் நெருப்புப் பெட்டி. விருந்தாளிகளை வெடி போட்டு வழியனுப்பாவிட்டால் மரியாதை ஆகாது அல்லவா?

ஓடினால் பறவை எழும்பிவிடும். கத்தினாலும் எழும்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து போய், சரவெடியைப் பிடுங்கிக் பக்கத்துக் குழியில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரில் அமுக்கினேன். மாமா வாயைத் திறந்தார். கையால் பொத்தினேன். அவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துகூடப் பழக்கமில்லாதவள் நான். அன்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு, பறவைகள் தாமாகப் பறந்து போகும் வரை நின்றேன். அவரும் என் கைக்குள் மூச்சு விட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்.

ரோட்டுக்கு ஏறியதும் றில்வான் சேர் விளக்கினார். உள்ளான் பகலில் கோரைக்குள் பதுங்கும், பொழுது சாய்ந்தால் இரை தேடத் திறந்த சேற்றுக்கு வரும். நேற்று வெட்டியதில் வேறு எங்கோ போய்ப் பதுங்கியிருந்திருக்கும். மத்தியானமே கிளம்பியிருந்தால் பார்த்திருக்கவே முடியாது.

"அப்ப வெட்டுனது நல்லதுதான சேர்?" என்றார் மாமா.

"இல்ல!" என்று நானும் சேரும் ஒன்றாகக் கத்தினோம்.

முஷ்ரிபா மேடம் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவை. "இன்னொரு வருசம் நடத்துவோம்" என்றார். "ஆனா, இனிமே கோரையில யாரும் கத்தி வைக்கக் கூடாது. ஸ்பீக்கர் இந்தப் பக்கமே வரக் கூடாது."

"சரிங்க மேடம்."

"வெள்ளையும் அடிக்கக் கூடாது."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "கேட்டுக்கு வெளிய இருக்கிற கல்லுக்கு மட்டுமாச்சும்?" என்று கேட்டார். நான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையை அலுமாரி மேலே ஏற்றிவிட வேண்டும் என்று கட்டிலுக்கடியில் குனிந்தேன். பை இல்லை. மகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அப்போது இராக்கம்மா மாமி வாசலில் வந்து நின்றார். கையில் என் பை. நீலம் என்று சொல்ல அதில் ஒரு விரற்கடை இடம்கூட மிச்சமில்லை. சுண்ணாம்பும் மழையும் சேர்ந்து துணி வெந்து, அடிப்பக்கம் கிழிந்து தொங்கியது. ஒரு சில்லைக் காணவில்லை.

"மரத்தடியில கெடந்துச்சு. இனி ஒன்னுக்கும் ஒதவாது புள்ள" என்றார்.

"மாமி! யாரக் கேட்டு இத எடுத்தீங்க?"

"நாங்க எங்க எடுத்தோம்? நேத்து சுண்ணாம்பு தூக்கச் சாக்குப் பத்தலன்னு பேசிக்கிட்டிருந்தோம். ஒம்மகதான் இழுத்துக்கிட்டு வந்து குடுத்துச்சு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லுச்சு."

மாமி பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் மகளைப் பார்த்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுதுவதுபோலப் பென்சிலை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேற பை வாங்குவியாம்மா?" என்று கேட்டாள்.

"வாங்க மாட்டேன்" என்றேன்.

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.